நாய் தொலைந்தால் வீடு திரும்ப: கொழும்பில் வளர்ப்பவர்கள் செய்துவைக்க வேண்டிய அடையாளங்கள்

கொழும்பில் கழுத்துப்பட்டி இல்லாமல் தெருவில் நிற்கும் நாயை எவரும் தொலைந்த நாய் என்று நினைப்பதில்லை. கட்டாக்காலி என்றுதான் நினைப்பார்கள். அதிலும் உங்கள் நாய் மண்ணிற நாட்டு நாய் என்றால், வெள்ளவத்தையின் எந்த ஒழுங்கையிலும் அதைப் போல இன்னும் நாலு நாய் படுத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கூட அடையாளம் காணமாட்டார். ஆகவே தொலைந்த பிறகு எப்படித் தேடுவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அதைக் கண்டெடுக்கப்போவது யார், அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஓர் ஆட்டோ சாரதி, தொடர்மாடியின் காவலாளி, தேநீர்க் கடைக்காரர், அதிகாலையில் வீதி கூட்டும் மாநகர சபைத் தொழிலாளி. அவர்கள் கையில் ஒரு கைபேசி இருக்கும், அதுவும் சிலரிடம் பட்டன் போன். மைக்ரோசிப் வாசிக்கும் கருவி இருக்காது. அதனால் கண்ணால் வாசிக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் முதலில், தோலுக்குள் இருக்கும் சிப் இரண்டாவது, உங்கள் கையில் இருக்கும் படங்களும் அட்டைகளும் மூன்றாவது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று விடாதீர்கள். மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. இலக்கம் நாயை வீட்டுக்குக் கொண்டுவரும். சிப் அது உங்களுடையது என்று நிரூபிக்கும். படங்கள் தேடுவதற்கு.

கழுத்துப்பட்டி

நைலோன் பட்டி மலிவு, ஆனால் மழையில் நனைந்தால் மெதுவாகவே காயும். ஈரப்பட்டி கழுத்தில் கிடந்தால் அடியில் முடி உதிர்ந்து புண் வரும். தோல் பட்டி எங்கள் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், வாரம் ஒருமுறையாவது துடைத்துக் காயவைக்க வேண்டும். ரப்பர் போன்ற பூச்சு பூசிய நாடாவால் செய்த பட்டிகள் தண்ணீரை உறிஞ்சாது. விலை கூடினாலும் கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு அதையே சொல்வோம். அகலம் சிறிய நாய்க்கு 15 மி.மீ., நடுத்தர, பெரிய நாய்களுக்கு 20 முதல் 25 மி.மீ. போதும்.

பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் பயந்த நாய் பின்னால் இழுத்து ஒரே நொடியில் தலையை உருவிக்கொள்ளும். தலையை விடக் கழுத்து தடித்த, அல்லது தலை ஒடுங்கிய நாய்களுக்கு, இழுத்தால் அளவோடு இறுகும் மார்டிங்கேல் வகைப் பட்டி நல்லது. ஆனால் அதை வெளியே கூட்டிப் போகும்போது மட்டும் போடுங்கள். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். பட்டி சதைக்குள் புதைந்த குட்டிகள் மிருக வைத்தியரிடம் வருவது அரிதான சங்கதி அல்ல.

‘கிளிக்’ என்று பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் நொறுங்கும் தன்மை பெறும். வெடிப்பு, வெளிறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ‘டி’ வளையம் பொருத்திய தையலையும் இழுத்துப் பாருங்கள், பல பட்டிகள் அந்த இடத்தில்தான் பிய்யும்.

நாய் பட்டி இல்லாமல் இருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். குளிப்பாட்டக் கழற்றுவோம், உண்ணி பார்க்கக் கழற்றுவோம், இரவில் கழற்றுவோம். அந்த வேளையில் கேற் திறந்திருந்தால் நனைந்த நாய் வெற்றுக் கழுத்தோடு ஓடிவிடும். கேற்றைப் பூட்டிவிட்டுப் பட்டியைக் கழற்றும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருபவருக்கும் சேர்த்து, சொல்லிவையுங்கள்.

தகட்டில் என்ன எழுதுவது

இரண்டு தொலைபேசி இலக்கங்கள். இடம் மிஞ்சினால் வீதியின் பெயர். அவ்வளவுதான். இரண்டும் 07இல் தொடங்கும் உள்ளூர் இலக்கங்களாக இருக்கட்டும், இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கட்டும். நீங்கள் பிராணியைத் தேடித் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இன்னொன்றும் நடக்கிறது: நாய் வாங்கிய மகன் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடுவார், தகட்டில் அவருடைய பழைய இலக்கமே கிடக்கும். அல்லது புதிதாக அவருடைய வெளிநாட்டு வட்ஸ்அப் இலக்கத்தைப் பொறித்திருப்பார்கள். வீதியோரத்தில் நிற்கும் ஒருவர் வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கமாட்டார்.

நாயின் பெயர் தேவையில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நாயைப் பழக்கிக்கொள்ள அது பிறருக்கு உதவும், உங்களுக்கு உதவாது. சொற்கள் இல்லாமல் எண்கள் மட்டும் இருந்தால் மொழிப் பிரச்சினையும் இல்லை, சிங்களம் மட்டும் தெரிந்தவரும் அழைப்பார். நாய் நாளாந்தம் மருந்து எடுப்பது என்றால் அதை மட்டும் சிங்களத்திலும் தமிழிலும் பின்பக்கம் பொறியுங்கள். பொதுவாக அதைப் பார்த்தவர் வைத்துக்கொள்ள யோசிப்பார், சீக்கிரம் அழைப்பார்.

எண்களின் உயரம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். பத்து இலக்கத்தை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துப் பொறித்தால் பிழையில்லாமல் வாசிக்கலாம். அதற்கு 30 மி.மீ. வட்டம் பொருந்தும். சிறிய நாய்க்கு 25 மி.மீ. எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஓர் இலக்கம் போடுங்கள்.

உலோகம் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கடற்காற்றில் நிக்கல் பூசிய இரும்புத் தகடு பொரிந்து எழுத்துப் போய்விடும். நிறம் ஏற்றிய அலுமினியத் தகட்டில் எழுத்து பூச்சின் மேல் மட்டும் இருப்பதால் நடைபாதையில் உரசி அழியும். துருப்பிடிக்காத எஃகு சிறந்தது. பித்தளை நிறம் மங்கும், ஆனால் ஆழமாகப் பொறித்தால் எழுத்து நிற்கும். சாவி வெட்டும் கடைகளிலும் முத்திரை, பெயர்ப்பலகை செய்யும் கடைகளிலும் பொறித்துத் தருவார்கள். லேசர் வேண்டாம், வெட்டிப் பொறியுங்கள் என்று கேளுங்கள். நகத்தால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும்.

தகடு தொலைவது பெரும்பாலும் வளையத்தால். தகட்டோடு வரும் மெல்லிய வளையமும் ‘எஸ்’ கொக்கியும் சில மாதங்களில் விரியும். தடித்த எஃகுச் சாவி வளையம் ஒன்றுக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, இரு முனையிலும் துளை உள்ள தட்டையான தகட்டைப் பட்டியோடு கோத்துவிடுவது, அல்லது தோல் வேலை செய்பவரிடம் ரிவெட் அடிப்பது. தொங்காததால் கேற் கம்பியில் மாட்டாது, சத்தமும் போடாது. இதோடு பட்டியின் உட்புறத்திலும் அழியாத மையால் இலக்கத்தை எழுதிவையுங்கள், மங்க மங்கத் திரும்ப எழுதுங்கள்.

கியூஆர் குறி உள்ள தகடுகளும் விற்கிறார்கள். ஸ்மார்ட்போனும் டேட்டாவும் இருப்பவருக்குத்தான் அது பயன்படும், அந்த இணையத்தளம் மூடப்பட்டால் ஒருவருக்கும் பயன்படாது. பக்கத்தில் இலக்கத்தையும் பொறித்தால் வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசிப்

அரிசி மணியளவு கண்ணாடிக் குழாய்: ஏறக்குறைய 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. ஊசி தடித்தது என்பதால் பயந்த சுபாவமுள்ள நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சையின்போதே போட்டுக்கொள்வது வசதி.

இதில் பட்டறி கிடையாது. வாசிக்கும் கருவி அருகே வரும்போது அதன் அலையிலிருந்து சக்தி பெற்று ஓர் இலக்கத்தைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. சிப் போட்டால் நாய் எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது. சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் அது வாசிக்கப்படும். உங்கள் பெயரோ இலக்கமோ அதற்குள் இல்லை.

ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு அமைந்த, 134.2 கிலோஹேர்ட்ஸில் இயங்கும், 15 இலக்கச் சிப்பையே கேளுங்கள். வெளிநாடு போகும்போது நாயையும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம், ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தரத்தையே கேட்கிறது. பயணத்துக்காகப் போடுவதாக இருந்தால் வரிசை தவறக்கூடாது: முதலில் சிப், பிறகு விசர்நாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஏற்கமாட்டார்கள்.

வைத்தியரிடம் செய்விக்க வேண்டியவை: போடுமுன் நாயை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வாங்கிய நாய்க்கு ஏற்கனவே சிப் இருக்கலாம். பொதியிலுள்ள சிப்பையும் வாசிக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். போட்ட பின் மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் ஒன்றைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, மேலே கிளினிக்கின் முத்திரை வாங்குங்கள். எந்தத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள், யார் பெயரில், எந்த இலக்கத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதியப்படாத சிப் வெறும் எண். வீடு மாறினாலும் சிம் மாறினாலும் அன்றைக்கே திருத்துங்கள். சிப் வேலை செய்யாமல் போவதை விடப் பழைய இலக்கத்தால் ஆள் கிடைக்காமல் போவதே அதிகம்.

ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது சிப்பையும் வாசிக்கச் சொல்லுங்கள். அது நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கியிருக்கலாம். கழுத்தின் மேல் மட்டும் கருவியைக் காட்டி ‘சிப் இல்லை’ என்று சொல்வது இதனால்தான் பிழை. உலோகப் பட்டியைக் கழற்றிவிட்டு, கருவியை உடலோடு ஒட்டி, தோளிலிருந்து இரு பக்கமும் மெதுவாக வளைந்து வளைந்து நகர்த்த வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் கருவி இருக்காது, போகுமுன் அழைத்துக் கேளுங்கள்.

பச்சை குத்துவதைப் பற்றியும் கேட்பார்கள். காதின் உட்புறத்தில் குத்திய இலக்கம் காலப்போக்கில் மங்கும், முடி மூடும், பார்ப்பவருக்கு அது எங்கே பதியப்பட்டது என்றும் தெரியாது. இன்று அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை. காதோரத்தில் சிறிய வெட்டு இருந்தால் அது வேறு: கருத்தடை செய்த தெருநாய்க்கு இடும் அடையாளம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கு அந்த வெட்டு இருந்தால், பட்டி கழன்றதும் அதை எல்லோரும் தெருநாய் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நாய்க்குச் சிப் கட்டாயம்.

ஜிபிஎஸ் கருவியும் ஏயார்டேக்கும்

சிம் போட்டு இயங்கும் ஜிபிஎஸ் கருவி உண்மையிலேயே இடத்தைக் காட்டும். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும், டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும், சிறிய நாய்க்குப் பாரம். ஓடிப் பழகிய நாய் என்றால் வாங்குங்கள். ஏயார்டேக்கில் ஜிபிஎஸ் இல்லை. அருகே போகும் ஐபோன்களின் உதவியால்தான் இடம் தெரியும். ஆட்கள் நெருக்கும் காலி வீதியில் (கோல் ரோட்டில்) பலன் தரலாம், ஆள் நடமாட்டமில்லாத கால்வாய்க் கரையில் தராது. அதற்குள் இருக்கும் சிஆர்2032 லித்தியம் பட்டறியை நாய் கடித்து விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துவிடும், உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். மற்ற நாயின் பட்டியைக் கடித்து விளையாடும் நாய் வீட்டில் இருந்தால் இது வேண்டாம்.

அட்டையும் படங்களும்

1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்னும் உள்ளது. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் என்றால் அங்கே பதியுங்கள், தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள். யாராவது ‘இது என் நாய்’ என்று நின்றால் பதிவும் அட்டையும் சிப் இலக்கமும்தான் பேசும். அட்டையில் ‘பிறவுண், ஆண்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். நெஞ்சில் வெள்ளைத் திட்டு, இடது பின்னங்காலில் தழும்பு, வால் நுனி வளைவு என்று எழுதச் சொல்லுங்கள்.

படங்கள் இப்போதே எடுத்துவையுங்கள். நின்ற நிலையில் இடது பக்கம், வலது பக்கம், நேர் முகம், பின்பக்கம், வயிறு, காதின் உட்புறம், பாதங்கள், ஒவ்வொரு தழும்பும். மடியில் தூங்கும் படம் தேடுவதற்கு உதவாது. அளவு தெரிய ஆள் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று. மூக்கையும் பகல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல், ஈரத்தைத் துடைத்துவிட்டு, கிட்டப் பிடித்து எடுங்கள். மூக்கின் வரிகள் நாய்க்கு நாய் வேறுபடும், உரிமைத் தகராறில் துணையாகும். முடி வெட்டினால் உடனே புதுப் படம். எல்லாவற்றையும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவைத்தால் எவர் போனிலிருந்தும் எடுக்கலாம்.

தொலைந்துவிட்டால்

ஆபத்தான நாட்கள் முன்கூட்டியே தெரியும்: டிசம்பர் 31 நள்ளிரவு, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கிரிக்கெட் வெற்றி இரவு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி. வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாய் திசை தெரியாமல் ஓடும், நின்ற இடத்தில் ஒளிந்துகொள்ளும், சொந்தக்காரர் கூப்பிட்டாலும் வராமல் இருக்கும். விளையாட்டாகக் கேற்றால் வெளியேறிய நாய் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஒழுங்கைக்குள் மணந்துகொண்டு நிற்கும். இந்த இரண்டில் எது என்று முதலில் யோசியுங்கள்.

ஒருவர் வீட்டில் இருக்கட்டும், கேற் திறந்திருக்கட்டும், நாய் படுக்கும் துணி வாசலில் கிடக்கட்டும். சாப்பாட்டைத் தெருவில் வைக்காதீர்கள். தெருநாய்கள் கூடும், உங்கள் நாய் கிட்டவே வராது. மற்றவர்கள், நாயோடு வழமையாக நடக்கும் பாதையிலேயே முதலில் போங்கள். நிறுத்திய வாகனங்களின் அடி, தொடர்மாடிகளின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம், படிக்கட்டின் கீழ், கட்டுமானத் தளம், மூடாத வடிகால், எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் கால்வாய்க் கரையைத் தவறவிடாதீர்கள், செங்குத்துச் சுவரில் விழுந்த நாயால் ஏற முடியாது. மரைன் டிரைவ் பக்கம் ஓடியிருந்தால் அருகிலுள்ள ரயில் நிலையத்தில் சொல்லுங்கள், நீங்களே தண்டவாளத்தில் நடக்க வேண்டாம்.

இரவு 11 மணிக்குப் பின்பும் விடிகாலையிலும் திரும்பப் போங்கள். போக்குவரத்து அடங்கியதும் ஒளிந்த நாய் வெளியே வரும். ரோச் லைற்றைக் கண்மட்டத்தில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் அதன் கண்கள் மின்னும்.

யாரைக் கேட்பது? ஆட்டோத் தரிப்பிடம், காவலாளிகள், வீதி கூட்டுபவர்கள், மீன் வண்டிக்காரர், ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் சூன் பாண் ஆட்டோக்காரர். போனில் படத்தைக் காட்டுங்கள். சிங்களம் தடுமாறினால் இது போதும்: ‘அபே பல்லா நெதி வுணா. மே பல்லாவ தெக்கத?’ (எங்கள் நாய் தொலைந்துவிட்டது. இந்த நாயைக் கண்டீர்களா?) இலக்கம் எழுதிய சின்னத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கே கிளினிக்குகளுக்கும் மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவுக்கும் அழையுங்கள். வெள்ளவத்தைக்குத் தெற்கே தெஹிவளை – கல்கிசை மாநகர சபை, கிழக்கே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, கொலன்னாவை என்று எல்லை மாறும், நாய் அதைப் பார்க்காது. அங்கும் கேளுங்கள். திருட்டு என்று சந்தேகித்தால் பொலிஸ் நிலையத்தில் சிப் இலக்கத்தோடு முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள்.

சுவரொட்டி மூன்று மொழியிலும், ஒரே ஒரு பெரிய படத்தோடு, ஏ4 தாளில். ஓடும் பஸ்ஸிலிருந்து வாசிக்கக்கூடியதாக இலக்கம் பெரிதாக. இங்க்ஜெட் மை மழையில் கரையும், லேசர் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையின் வாய் கீழே வருமாறு மாட்டுங்கள். போக்குவரத்துப் பலகைகளில் ஒட்டாமல் கடைகளில் கேட்டு ஒட்டுங்கள். சன்மானம் உண்டு என்று எழுதுங்கள், தொகையை எழுதாதீர்கள். ஓர் அடையாளத்தை, உதாரணமாக வயிற்றுத் திட்டை, படத்திலும் எழுத்திலும் மறைத்துவையுங்கள்.

அழைப்பு வந்தால் அந்த மறைத்த அடையாளத்தைக் கேளுங்கள், வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ‘முதலில் றீலோட் போடுங்கள், ஆட்டோவில் அனுப்புகிறேன்’ என்றால் ஏமாற்று. சன்மானம் நாய் கைக்கு வந்த பிறகுதான். சந்திப்பு கடை வாசல் போல ஆள் நடமாடும் இடத்தில், இருவராகப் போங்கள்.

நாயைக் கண்டதும் ஓடிப் பிடிக்கப் போகாதீர்கள். பக்கவாட்டாகக் குந்தி, கண்ணைப் பார்க்காமல், வழமையான குரலில் பேசுங்கள். பழகிய சாப்பாட்டைக் கிட்டப் போடுங்கள். அது தானாக வந்து மணந்த பிறகு, தலையால் நழுவாத சுருக்கு வாரை மாட்டுங்கள். பிடிக்கும்போது கடித்தால், உங்கள் சொந்த நாயாக இருந்தாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டையைக் கூடக் கொண்டுபோங்கள்.

நாய்க்கும் வைத்தியரைக் காட்டுங்கள். கடிகாயம் இருந்தால் தடுப்பூசி மீண்டும் போட வேண்டிவரும். வடிகால் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். உண்ணிக் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தெரியும்: சாப்பிட மறுத்தல், சோர்வு, வெளிறிய முரசு, மூக்கில் இரத்தம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திராமல் கொண்டுபோங்கள். அந்த இடைவெளியில் சுவரொட்டிகளைக் கழற்றி, கேட்ட எல்லோருக்கும் நாய் கிடைத்ததைச் சொல்லி, புதுத் தகடு ஒன்றைப் பொறிக்கக் கொடுத்துவிடுங்கள்.